ஒரு ஃபைபரில் நாலு நெட்வொர்க்: ஸ்விட்ச் வைக்கும் குறி

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. முன்பக்கம் அலுவலகம், சுமார் 150 மீட்டர் தள்ளிப் பின்பக்கம் சரக்கு கட்டி அனுப்பும் கட்டடம். செம்புக் கம்பி ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதால் இரண்டுக்கும் நடுவில் தரைக்கு அடியில் ஃபைபர் ஓடுகிறது. அந்த ஒரே இணைப்பில் நாலு வேலை நடக்கிறது: கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்கள், சரக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள், ஐபி போன்கள். ஒன்றின் தகவல் மற்றொன்றில் கலக்கக் கூடாது.

அங்கே கணக்குப் பார்க்கும் பாய் ஒருநாள், ஸ்விட்ச் பெட்டியை மாட்டியிருக்கும் ரேக் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, போற வயரு ஒண்ணுதான். இதுல கேமரா எது, நம்ம டேலி எதுன்னு அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

இந்த நெட்வொர்க் துறைக்குப் படிக்க வரும் பையன்களில் பலர் கேட்காமலே தாண்டிப் போகிற கேள்வி இது. கட்டளைகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், கம்பிக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதில்லை. பாய்க்கு அன்று நின்றபடியே பாதி பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

இந்த நாலையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு வீலான் என்று பெயர், முதலில் அது என்ன என்பது. பல கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டிதான் ஸ்விட்ச், அதில் கேபிள் செருகும் துளை போர்ட். சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் இருபத்துநாலு கம்ப்யூட்டர்களை மாட்டினால் எல்லாம் ஒரே கூட்டம். ஒரு கம்ப்யூட்டர் "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று பொதுவாகக் கூவினால் மீதி இருபத்துமூன்றுக்கும் அது கேட்கும். இந்தப் பொதுக்கூவலுக்கு பிராட்காஸ்ட் என்று பெயர். எண்ணிக்கை கூடக்கூட கூச்சலும் கூடும். அதைவிட முக்கியம், கேமராவை மாட்டிய போர்ட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகினால் கணக்குப் பிரிவு வரை எட்டிப் பார்க்கலாம். வீலான் இந்தக் கூட்டத்தைப் பிரிக்கிறது. 1 முதல் 8 வரையுள்ள போர்ட்டுகள் வீலான் 10, அடுத்த எட்டு வீலான் 20 என்று ஸ்விட்சில் எழுதிவிட்டால் ஒரே பெட்டிக்குள் தனித்தனி ஸ்விட்சுகள் இருப்பது போல ஆகிவிடும். ஒன்றின் கூவல் மற்றதற்குக் கேட்காது.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் போனது. 2019-இல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பாலாறு அதே இடத்தில்தான் ஓடுகிறது, ஒரு வீடும் இடம் மாறவில்லை. ஆனால் ஆற்காட்டுக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்க இப்போது வேலூருக்கு வருவதில்லை, ராணிப்பேட்டைக்குப் போகிறார். வீலானும் அப்படித்தான். கம்பி அப்படியே இருக்கும், யார் யாரோடு சேர்த்தி என்ற கணக்கு மட்டும் மாறும்.

ஒரே ஸ்விட்சுக்குள் இது சுலபம். எந்தப் போர்ட் வழியாகத் தகவல் உள்ளே வந்தது என்பது ஸ்விட்சுக்குத் தெரியும், போர்ட் தெரிந்தால் வீலானும் தெரியும். இரண்டாவது ஸ்விட்ச் வரும்போதுதான் சிக்கல். சரக்குக் கட்டடத்து ஸ்விட்சுக்குத் தகவல் வந்து சேர்வது அந்த ஒரு ஃபைபர் போர்ட்டில்தான். கணக்கும் கேமராவும் போனும் ஒரே வாசலில் வந்தால், வாசலை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது.

வீலானுக்கு ஒரு கேபிள் என்று நாலு கேபிள் இழுக்கலாம். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு போர்ட் போய்விடும், ஃபைபரும் நாலு மடங்கு. நாளைக்கு ஐந்தாவது வீலான் வந்தால் மறுபடியும் பள்ளம் தோண்ட வேண்டும். ஆகவே கேபிள் ஒன்றே இருக்கட்டும், அதில் போகும் ஒவ்வொரு தகவலிலும் அது எந்த வீலானைச் சேர்ந்தது என்று ஒரு குறி வைத்து அனுப்பலாம் என்பதுதான் வழி. இப்படிப் பல வீலான்களைக் குறியோடு சுமந்து போகும் இணைப்புக்கு ட்ரங்க் என்று பெயர். குறிக்குப் பெயர் டேக். ஒரே வீலானைச் சேர்ந்து, கம்ப்யூட்டரோ கேமராவோ மாட்டியிருக்கும் சாதாரணப் போர்ட் ஆக்சஸ் போர்ட்.

முன்பு வீடு வீடாக வந்து துணி எடுத்துப் போன சலவைக்காரர்கள், சட்டைக் காலரின் உள்பக்கத்தில் சேராங்கொட்டை மையால் ஒரு குறி வைப்பார்கள். அப்புறம் எல்லா வீட்டுத் துணியும் ஒரே மூட்டையில் போய், ஒரே வெள்ளாவியில் வெந்து, ஒரே கொடியில் காயும். ஆனாலும் நம் வீட்டுச் சட்டை நம் வீட்டுக்கே திரும்பும். ட்ரங்க் வேலை செய்வதும் இந்த முறையில்தான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. சேராங்கொட்டைக் குறி துணி கிழியும் வரை போகாது. ஸ்விட்சின் குறி ட்ரங்கில் ஏறும்போது வைக்கப்பட்டு, போய்ச் சேரும் ஆக்சஸ் போர்ட்டில் இறங்கும்போது எடுக்கப்பட்டுவிடும். அனுப்பிய கம்ப்யூட்டருக்கும் பெற்ற கம்ப்யூட்டருக்கும் குறி ஒன்று இருந்ததே தெரியாது. அது இரண்டு ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ட்ரங்கில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் வந்தவையே.

சரி, குறி எங்கே இருக்கிறது? ஈதர்நெட்டில் தகவல் ஃப்ரேம் எனும் சின்னச் சின்னக் கட்டுகளாகப் போகும். ஒவ்வொரு ஃப்ரேமின் தொடக்கத்திலும் பெறுபவரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 6 பைட், அனுப்புபவரின் மேக் முகவரி 6 பைட். அடுத்து, உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் 2 பைட். அப்புறம் 46 முதல் 1500 பைட் வரை சரக்கு. கடைசியில் வழியில் ஏதாவது சிதைந்ததா என்று சரிபார்க்க 4 பைட். ட்ரங்கில் ஏற்றும் ஸ்விட்ச், அனுப்புபவரின் முகவரிக்கும் வகை சொல்லும் இடத்துக்கும் நடுவே விலக்கி, அங்கே 4 பைட்டைச் செருகுகிறது. அந்த நாலு பைட்தான் டேக். ஃப்ரேமின் உள்ளடக்கம் மாறிவிட்டதால் கடைசியில் உள்ள சரிபார்ப்பு எண்ணையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதுகிறது.

கம்பியில் போகும் ஃப்ரேம்களைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் ட்ரங்கைப் பிடித்துப் பார்த்தால், சரக்குப் பிரிவிலிருந்து போகும் ஒரு ஃப்ரேமில் இரண்டு மேக் முகவரிகளுக்கு அடுத்து ஹெக்ஸ் முறையில் (பதினாறு பதினாறாக எண்ணும் முறை) இப்படி இருக்கும்: 81 00 00 14 08 00. கடைசியில் உள்ள 08 00 பழைய வகை எண், உள்ளே இருப்பது ஐபி பாக்கெட் என்று அர்த்தம். டேக் இல்லாத ஃப்ரேமில் அது மேக் முகவரிகளுக்கு அடுத்தபடியாக நின்றிருக்கும். இப்போது நாலு பைட் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. முன்னால் வந்து நிற்கும் 81 00, "இங்கே ஒரு டேக் இருக்கிறது" என்று அறிவிக்கும் எண். அடுத்த 00 14-இல்தான் விஷயம் இருக்கிறது. ஹெக்ஸில் 14 என்றால் நம் கணக்கில் 20, அதாவது சரக்குப் பிரிவின் வீலான் எண். பாய் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் இந்த இரண்டு பைட். கணக்குப் பிரிவு, கேமரா, போன் ஆகியவற்றின் ஃப்ரேம்களில் இதே இடத்தில் அவரவர் வீலான் எண் இருக்கும்.

அந்த இரண்டு பைட்டில் மொத்தம் 16 பிட். முதல் 3 பிட் முன்னுரிமைக்கு: 0 முதல் 7 வரை எட்டு நிலை. போனில் பேசும் குரல் தாமதித்தால் பேச்சு துண்டு துண்டாக விழும், ஃபைல் ஒரு நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. அதனால் குரலுக்கு உயர்ந்த எண் கொடுத்து முந்த விடலாம். அடுத்த 1 பிட், நெரிசல் வந்தால் இந்த ஃப்ரேமை முதலில் கைவிடலாமா என்பதைச் சொல்கிறது. மீதி 12 பிட் வீலான் எண். 12 பிட்டில் 4096 எண்கள் எழுதலாம். அவற்றில் 0-வும் 4095-உம் தனி வேலைக்கு ஒதுக்கப்பட்டவை, 4094 நமக்கு. ஒரு தோல் தொழிற்சாலைக்கோ கல்லூரிக்கோ இது தாராளம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கட்டமைப்பில் வைத்திருக்கும் பெரிய டேட்டா சென்டர்களுக்குத்தான் போதாமல் போய், 24 பிட் எண் கொண்ட வீஎக்ஸ்லான் வந்தது.

லேப்டாப்பில் இதைச் சோதித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல நெட்வொர்க் கார்டுகளின் டிரைவரே டேக்கை எடுத்துவிட்டுத்தான் ஃப்ரேமை மேலே கொடுக்கும். வயர்ஷார்க்கில் டேக் தெரியவில்லை என்பதால் மட்டும் கம்பியில் டேக் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. நானே ஒருமுறை அரை நாள் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஃப்ரேமில் குறி வைப்பது என்ற யோசனை 1980-களில், அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த டேவிட் சின்கோஸ்கியின் வேலையிலிருந்து வந்தது. பிறகு கம்பெனிகள் ஆளுக்கொரு முறை வைத்திருந்தன. சிஸ்கோவின் ஐஎஸ்எல் முறை ஃப்ரேமுக்குள் எதையும் செருகாது. முழு ஃப்ரேமையும் இன்னொரு உறைக்குள் போட்டு, முன்னால் 26 பைட்டும் பின்னால் 4 பைட்டும் சேர்க்கும். அந்த உறையைப் பிரிக்க மறுமுனையிலும் அதே முறை தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். 1998-இல் ஐஇஇஇ அமைப்பு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. வேலையில் நாங்கள் டாட் ஒன் க்யூ என்போம். இன்று ஒரு பக்கம் சிஸ்கோ, மறுபக்கம் வேறு எந்த பிராண்ட் இருந்தாலும் ட்ரங்க் பேசிக்கொள்வதற்கு இந்தத் தரமே காரணம். மேலே சொன்ன நாலு பைட் அதனுடையதுதான்.

நாலு பைட் கூடியதால் ஃப்ரேமின் அதிகபட்ச நீளம் 1518-லிருந்து 1522 ஆனது. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு நாள் என்னை அலையவைத்தது இந்த நாலு பைட்தான். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனை அடித்தால் பதில் வருகிறது. லாகின் பக்கம் திறக்கிறது. பெரிய பில்லைத் திறந்தாலோ ஃபைலைக் காப்பி செய்தாலோ அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்விட்சுகள் இரண்டிலும் எழுதியிருந்தது சரியாகவே இருந்தது. கடைசியில், பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று கட்டளை கொடுத்து, பிங்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். 1468 பைட் போகிறது. 1469 போகவில்லை.

அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தால் திருடன் பிடிபடுவான். 1468-உடன் பிங்கின் தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்தால் 1496. ஈதர்நெட்டின் முகவரிகள், வகை, சரிபார்ப்பு எல்லாம் 18 சேர்த்தால் 1514. டேக்குக்கு 4 சேர்த்தால் சரியாக 1518. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் விழுந்துவிடுகிறது என்றால், டேக் பற்றித் தெரியாத, பழைய 1518 கணக்கிலேயே இருக்கும் ஏதோ ஒரு பெட்டி நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். நீளம் பற்றாததால் பொய்க்கூரைக்கு மேலே யாரோ ஒரு பழைய சின்ன ஸ்விட்சை நடுவில் மாட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு முழுக் கேபிளாக இழுத்ததும் எல்லாம் ஓடியது. அப்படிப்பட்ட பெட்டி நடுவில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்கு வீலான் என்றாலே என்னவென்று தெரியாது. எந்த வீலானின் பிராட்காஸ்ட் வந்தாலும் தன் எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். ட்ரங்கின் நடுவில் வீலான் தெரியாத ஸ்விட்ச் இருக்கவே கூடாது என்பேன், அது இப்போதைக்கு நன்றாக ஓடினாலும் சரி.

இனி நேட்டிவ் வீலான். ட்ரங்கில் எல்லாமே குறியோடு போகும் என்று சொன்னேன், அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தரம் எழுதப்பட்ட காலத்தில் டேக் புரியாத கருவிகளும் அதே கம்பியில் இருந்தன. அவற்றுக்காக, ட்ரங்கில் குறி இல்லாமல் ஒரு ஃப்ரேம் வந்தால் அதை இன்ன வீலானில் சேர்த்துக்கொள் என்று ஒரு எண்ணை முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஏற்பாடு இது. அந்த வீலானின் ஃப்ரேம்கள் வெளியே போகும்போதும் குறியில்லாமலே போகும். யாரும் மாற்றாவிட்டால் அது வீலான் 1.

குறி இல்லாத மூட்டை யாருடையது என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நினைத்தால் தொந்தரவு இல்லை. அலுவலக ஸ்விட்ச் அதை வீலான் 1 என்று நினைத்து அனுப்பி, சரக்குக் கட்டடத்து ஸ்விட்ச் அதைக் கேமராக்களின் 30 என்று எடுத்துக்கொண்டால் இரண்டு கூட்டமும் சத்தமில்லாமல் கலந்துவிடும். எந்த விளக்கும் சிவப்பாக எரியாது. ஒரு கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத ஐபி முகவரி வந்து விழும்போதுதான் சந்தேகம் வரும். இரண்டு பக்கமும் சிஸ்கோவாக இருந்தால், அவை தங்களுக்குள் விவரம் சொல்லிக்கொள்ளும் சிடிபி முறை மூலம் எச்சரிக்கை வரும். பிராண்ட் கலந்திருந்தால் நாமேதான் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு ஓட்டை ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. நேட்டிவ் வீலானில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரே ஃப்ரேமில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டேக்குகளைத் தானே எழுதி அனுப்பலாம். முதல் ஸ்விட்ச், வெளியே இருக்கும் டேக் நேட்டிவ் எண்தானே என்று அதைக் கழற்றிவிட்டு ட்ரங்கில் அனுப்பும். அடுத்த ஸ்விட்சின் கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஒளிந்திருந்த இரண்டாவது டேக். அதைப் பார்த்து, நுழைய அனுமதி இல்லாத வீலானில் ஃப்ரேமைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பதில் திரும்பி வராது, ஆனாலும் தீங்கு செய்ய அது போதும். இதைத் தடுக்க நேட்டிவ் எண்ணாக யாருமே இல்லாத ஒரு வீலானை, உதாரணத்துக்கு 999-ஐ, இரண்டு பக்கமும் வைத்துவிடலாம். சிஸ்கோவில் போர்ட்டுகள் எதிர்ப்பக்கத்தோடு தானாகப் பேசி ட்ரங்காக மாறிக்கொள்ளும் வசதியையும் அணைத்து, எது ட்ரங்க், எது ஆக்சஸ் என்று கையால் எழுதிவிட வேண்டும். இது ஐந்து நிமிட வேலை.

எந்தெந்த வீலான்கள் இந்த ட்ரங்கில் போகலாம் என்று ஒரு பட்டியலும் உண்டு. ஒரு வீலான் கடந்து போக இரண்டு பக்கப் பட்டியலிலும் அதன் எண் இருக்க வேண்டும், இரண்டு ஸ்விட்சிலும் அந்த வீலான் உருவாக்கப்பட்டும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மறந்தாலும் போகாது.

ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் ஐபி போன்கள் வந்த சமயம். வீலான் 40-ஐப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரவு எட்டரை மணி, வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே சரக்குக் கட்டடத்து ஸ்விட்சுக்குள் போய் எழுதினேன்: ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 40. எழுதியிருக்க வேண்டியது: ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் ஆட் 40. 'ஆட்' என்ற ஒரு சொல் இல்லாவிட்டால், பட்டியலில் 40-ஐச் சேர் என்று அர்த்தமாகாது. பட்டியலே இனி 40 மட்டும்தான் என்று ஆகிவிடும். 10, 20, 30 மூன்றும் அந்த நொடியே நின்றன. நான் உள்ளே போயிருந்த வழியும் வீலான் 10-தான் என்பதால், தப்பைத் திருத்தத் திரும்பப் போகவும் வழியில்லை.

ரெண்டு நிமிஷத்தில் காவலாளி போன் செய்தார். "சார், இன்னா ஆச்சு சார்? ஒரு கேமராவும் தெரில, எல்லாம் கருப்பா கீது." இருபது கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் போய், ரேக்கைத் திறந்து, ஸ்விட்சின் மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். எழுதியதைச் சேமிக்கவில்லை என்பதால் பழைய பட்டியலோடு எழுந்து வந்தது. சேமித்திருந்தால், லேப்டாப்பை ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தூரத்திலிருந்து ட்ரங்கில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிடுகிறேன். தொடர்பு அறுந்தால் பத்து நிமிஷத்தில் ஸ்விட்ச் தானே அணைந்து பழையபடி எழும். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

பிராண்ட் மாறும்போது சொல்லும் மாறுவது இன்னொரு சங்கடம். சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல வீலான்களைச் சுமக்கும் போர்ட். எச்பியின் பழைய புரோகர்வ் ஸ்விட்சுகளில் ட்ரங்க் என்றால் இரண்டு மூன்று கேபிள்களை ஒன்றாகக் கட்டி வேகம் கூட்டுவது. அங்கே வீலானைச் சுமக்கச் செய்ய, அந்தந்த வீலானுக்குள் போய் இந்தப் போர்ட் டேக் உள்ளது, அந்தப் போர்ட் டேக் இல்லாதது என்று எழுத வேண்டும். சிஸ்கோவின் நேட்டிவ் வீலான் அங்கே 'டேக் இல்லாத' வீலான். ஒரே ரேக்கில் இரண்டு பிராண்டும் இருந்தால் சொல்லை நம்பாமல், எந்த வீலான் குறியோடு போகிறது, எது குறியில்லாமல் போகிறது என்ற கேள்வியைக் கேட்டு அதற்குப் பதிலை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

பாய் அடுத்ததாக ஒன்று கேட்டார்: கணக்குக் கம்ப்யூட்டரிலிருந்து சரக்குப் பிரிவின் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டுமே, அது எப்படி? ட்ரங்க் அதைச் செய்யாது. ஒரே கம்பியில் போனாலும் வீலான் 10-உம் 20-உம் அறிமுகமில்லாதவர்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ரவுட்டரோ ரவுட்டிங் தெரிந்த ஸ்விட்சோ நடுவில் நின்று கைமாற்ற வேண்டும். யார் யாருக்குப் போகலாம் என்ற விதியையும் அங்கேதான் எழுதுவோம். அவருக்கு அந்த ஒரு பிரிண்டருக்கு மட்டும் வழி திறந்துவிட்டேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலையில் இரண்டு ரேக் கதவுகளின் உள்பக்கத்திலும் ஒரே தாளின் இரண்டு நகல்களை ஒட்டி வைத்திருக்கிறோம். ஃபைபர் எந்தப் போர்ட்டில், போகும் வீலான்கள் 10, 20, 30, 40, நேட்டிவ் 999, கடைசியாக மாற்றிய தேதி. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கத்துக்கும் நடந்துபோய் அந்தத் தாளிலும் திருத்த வேண்டும் என்று அதன் அடியில் பாய் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.